வெயிலில் விழுந்தவருக்குச் சீன வைத்தியம் உதவுமா?

வந்த கேள்வி சுருக்கமாக இது: "என் மகன் வூஹானில் மருத்துவம் படிக்கிறான். ஜூன் கடைசியில் பந்து விளையாடிவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். கூட இருந்த சீனப் பையன் ஒரு சின்ன பாட்டில் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கழுத்தில் கரண்டியால் சிவக்கச் சிவக்கச் சுரண்டிவிட்டிருக்கிறான். வைத்துக்கொள் என்று பத்து பாட்டில் உள்ள டப்பா ஒன்றும் கொடுத்திருக்கிறான். சீன வைத்தியத்தில் ஹீட் ஸ்ட்ரோக்குக்கு உண்மையிலேயே மருந்து உண்டா? நம்பலாமா?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

வெயிலிலோ விளையாட்டிலோ சுருண்டு விழுந்தவருக்குப் பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எந்த ஊர் மருந்தும் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும். தொட்டியோ பெரிய அண்டாவோ இருந்தால் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கிவிட்டு, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஹோஸ் பைப்பால் உடல் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே விசிற வேண்டும். கூடவே ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். சீனாவில் 120, இங்கே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே வந்துவிட வேண்டும், உயிர் அதில்தான் இருக்கிறது. பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சில செய்திகளில் இதை 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரை நம்பி, கை கால் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

தம்பி தானாக உட்கார்ந்தான், உறிஞ்சிக் குடித்தான், நடந்ததை உங்களிடம் சொல்லியும் இருக்கிறான். அவனுக்கு வந்தது லேசான வெப்பச் சோர்வாகத்தான் இருக்கும். சரி, இனி கேள்விக்கு வருகிறேன்.

நானும் அதே ஊரில்தான் ஆறு வருடம் படித்தேன். வூஹான், நான்ஜிங், சோங்சிங் மூன்றையும் சீனர்கள் உலை நகரங்கள் என்பார்கள். யாங்ட்ஸி ஆற்றோரம் காற்றே அசையாது, இரவிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு மாணவர்களான எங்களுக்கும் சீன மருத்துவம் ஒரு பாடமாக இருந்தது. இப்போது தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் விழுந்தவர்கள் வராத வாரம் கிடையாது. அங்கே படித்ததை இங்கே பார்ப்பதோடு சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சீன மருத்துவம் உடலை வெளியிலிருந்து தாக்கும் காரணங்களாக ஆறைச் சொல்கிறது: காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, நெருப்பு. கோடை வெப்பத்துக்கு 'ஷு' என்று பெயர். மற்றவை எந்தப் பருவத்திலும் வரலாம், ஷு கோடைக்கு மட்டுமே உரியது. ஹுவாங்தி நெய்ஜிங் என்ற ஆதி நூல் ஒருபடி மேலே போய்த் தேதியே குறிக்கிறது. ஆண்டிலேயே பகல் நீண்ட நாளான கோடைச் சங்கராந்திக்கு முன்னால் வந்தால் அது வெப்பநோய், பின்னால் வந்தால் ஷு நோய். வெயில் தாக்கியவரை 'ஜோங்ஷு' என்பார்கள். ஜோங் என்பது அம்பு குறியில் தைப்பதற்குச் சொல்கிற சொல். ஷு தைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஷு உள்ளே வந்தால் மயிர்க்கால்களைத் திறந்து வியர்வையைக் கொட்டவைக்கும், வியர்வையோடு உடலின் நீரும் 'ச்சி' என்கிற உயிராற்றலும் சேர்ந்து வெளியேறும், ஷு பெரும்பாலும் ஈரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காற்றில் ஈரம் ஏறினால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிர வழியில்லாமல் போய்விடும் என்று உடலியங்கியலில் அதற்கு முந்தைய வருடம்தான் படித்திருந்தோம். யாங்ட்ஸி கரையில் வாழ்ந்தவர்கள் அதைத் தோலால் படித்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஜோங்ஷு என்ற ஒரே சொல் லேசான தலைசுற்றலுக்கும் ஆளைக் கொல்லும் ஹீட் ஸ்ட்ரோக்குக்கும் பொதுவாக ஓடுகிறது. மருத்துவமனைகள் உயிர்போகும் வகையை 'ரெ ஷெ பிங்' என்று தனியாகப் பிரித்துச் சொல்கின்றன. கடைத்தெருவில் அந்தப் பிரிவு கிடையாது. ஜோங்ஷுவுக்கு என்று ஒரு மருந்தைக் கொடுத்தால், வாங்குகிறவர் எல்லா ஜோங்ஷுவுக்கும் என்றுதான் புரிந்துகொள்வார்.

இத்தனைக்கும் பழைய வைத்தியர்கள் இதில் கவனமாகவே இருந்தார்கள். மிங் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜிங்யுவே (1563–1640) 'யாங் ஷு', 'யின் ஷு' என்று இரண்டாகப் பிரித்தே எழுதினார். வெயிலில் உழைத்து, நடந்து, உடம்பு கொதித்து வருவது யாங் ஷு. கோடையில் குளிர்ச்சியைத் தேடிப்போய் மாட்டிக்கொள்வது யின் ஷு. வியர்வையோடு காற்றில் படுத்துத் தூங்குவது, சில்லென்று குடித்துத் தள்ளுவது, இன்றைக்கு ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் படுப்பது எல்லாம் அதில் சேரும். அதில் குளிர் நடுங்கும், காய்ச்சல் இருக்கும், வியர்க்காது, தலை பாரமாக இருக்கும், வயிறு குமட்டிப் பேதியாகும். இரண்டும் கோடையில்தான் வரும், ஆனால் மருந்து நேர் எதிர்.

யாங் ஷுவுக்கான முதல் கஷாயம் சுமார் 1,800 வருடப் பழசு. ஹான் காலத்து ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த 'பாய் ஹு தாங்', அதாவது வெள்ளைப் புலிக் கஷாயம். வெள்ளைப் புலி மேற்குத் திசையின் காவல் விலங்கு, இலையுதிர் காலத்துக்கு உரியது. கொதிக்கிற கோடைக்குள் இலையுதிர் காலத்துக் காற்றை வரவழைப்பதாக எண்ணி வைத்த பெயர். உடைத்த ஜிப்சம், ஜிமு என்ற கசப்புக் கிழங்கு, அதிமதுரம், ஒரு கை அரிசி, இவ்வளவுதான் சரக்கு. எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதற்கு அளவு என்ன தெரியுமா? அரிசி வெந்தால் கஷாயம் தயார். கடிகாரம் இல்லாத காலத்தில் எந்த அடுப்பங்கரையிலும் தவறாமல் செய்ய முடிந்த அளவு அது. பெருங்காய்ச்சல், பெருவியர்வை, பெருந்தாகம், பெரிதாக அலையடிக்கும் நாடி என்ற நான்கு 'பெரிது'களையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். வெயில் தாக்கி வியர்த்துத் தாகமெடுத்தவருக்கு ஜோங்ஜிங் இதோடு ஜின்செங் சேர்த்தார். வியர்வையோடு போன ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் அந்தப் பாட்டில். அது அநேகமாக 'ஹுவோஷியாங் ஜெங்ச்சி ஷுவெய்' ஆகத்தான் இருக்கும். விரல் நீளத்தில் பழுப்பு பாட்டில், 10 மில்லி, டப்பாவுக்குப் பத்து, குத்தி உறிஞ்ச ஒரு குட்டி ஸ்ட்ரா. முதல் முறை உறிஞ்சியபோது தொண்டையிலிருந்து வயிறுவரை நெருப்புக் கோடு இழுத்தது போலிருந்தது எனக்கு. நாக்கில் கசப்பு, மூக்கில் ஈர மண்ணும் சூடமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, கண்ணில் தண்ணீர். எரிச்சலுக்குக் காரணம் சாதாரணமானது: அதில் 40 முதல் 50 சதவீதம் ஆல்கஹால்.

சோங் அரசின் மருந்தகம் தொகுத்த சூத்திர நூலிலேயே இந்த மருந்து இருக்கிறது, கிட்டத்தட்ட ஆயிரம் வருடச் சரக்கு. பெயரில் உள்ள ஹுவோஷியாங், வாசனைத் திரவியக்காரர்கள் பச்சௌலி என்கிற செடி. அந்தப் பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் குறித்திருக்கின்றன. அதோடு ஆரஞ்சுத் தோல், இஞ்சி, பாக்குக்காயின் மேல்தோல், மக்னோலியாப் பட்டை என்று எல்லாமே வாசனையும் சூடும் உள்ள பொருள்கள். ஈரத்தை விரட்டி, குளிரை வெளியே தள்ளி, வயிற்றை நேராக்குவதுதான் இதன் வேலை. ஏசியில் படுத்து, ஐஸ் சோடா குடித்துக் குமட்டலோடு எழுந்தவனுக்கு, அதாவது யின் ஷுவுக்கு, இது பொருத்தம். வெயிலில் ஓடிக் கொதித்துப்போனவனுக்குச் சீன மருத்துவத்தின் கணக்குப்படியே இது எரிகிற அடுப்பில் விறகு. நவீன மருத்துவக் கணக்கிலும், நீர் வற்றிய உடம்புக்குச் சாராயம் கலந்த மருந்து கூடாது. சீன மருத்துவர்களே கோடைதோறும் இதைச் சொல்லித்தான் வருகிறார்கள், ஆனாலும் ஜோங்ஷு என்றவுடன் முதலில் நீளும் கை இந்தப் பாட்டிலோடுதான் வருகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நானூறு வருடம் முன்பே ஒருவர் பிரித்து வைத்துவிட்டுப் போனதை, பிரிக்காமல் விற்கிறார்கள்.

அடுத்தது கரண்டி. அதற்கு 'குவா ஷா' என்று பெயர். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் நாற்காலியில் திருப்பி உட்காரவைத்தார். சூப் குடிக்கும் பீங்கான் கரண்டி ஒன்றும், கிண்ணத்தில் கொஞ்சம் நல்லெண்ணெயும். பின்கழுத்தில் எண்ணெய் தடவி, மயிர் முடியும் இடத்திலிருந்து தோள்வரை ஒரே திசையில், ஒரே கோட்டில், மேலிருந்து கீழாகச் சுரண்டினார். பத்துப் பதினைந்து இழுப்பில் தோல் சிவந்தது. அப்புறம் கேழ்வரகு சிந்தினது போலப் பொடிப் பொடியாகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. அந்தப் புள்ளிதான் 'ஷா'. "பார், எவ்வளவு வெளியே வருகிறது" என்று தன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார். வலித்தது. ஆனால் முடிந்ததும் தலைபாரம் இறங்கியதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். தழும்பு நான்கைந்து நாள் இருந்தது.

சீனாவுக்கு வெளியேயும் இது உண்டு. வியட்நாமில் 'காவ் ஸோ', இந்தோனேசியாவில் நாணயத்தால் சுரண்டும் 'கெரோக்கான்'. சுரண்டிய இடத்தில் தோலின் ரத்த ஓட்டம் கூடுகிறது, கழுத்துத் தசை தளர்கிறது, ஒருவர் பரிவோடு பக்கத்தில் இருக்கிறார். லேசான தலைவலிக்கும் குமட்டலுக்கும் அது போதும். உள்வெப்பத்தை அது இறக்காது. உட்கார்ந்து பேசுகிறவருக்குச் செய்யலாம், விழுந்தவருக்குச் செய்யக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தோல் புண் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மூன்றாம் வருடத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் விழுந்தான். கண் திறந்திருந்தது, பேர் கேட்டால் எதையோ சொன்னான். இரண்டு பேர் அவன் கழுத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவன் பாட்டிலை உடைத்து வாயில் ஊற்றப் போனான். அன்பில் செய்ததுதான். அந்தப் பக்கம் வந்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர் அவர்களை விலக்கிவிட்டு, புல்லுக்குத் தண்ணீர் விடும் ஹோஸை இழுத்துவந்து அவன் மார்பில் திறந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவே இல்லை. பையன் பிழைத்தான். தசை சிதைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போனதால் ஒரு வாரம் சிறுநீரகத்தைக் கண்காணித்தார்கள். அந்தக் கிள்ளல் எத்தனை நிமிடத்தைத் தின்றது என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

"சுடச்சுட இருப்பவன் மேல் பச்சைத் தண்ணி ஊத்தாதே, ஜன்னி வந்துடும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா? அதே பயம் சீன நூல்களிலும் உண்டு, வெள்ளைப் புலிக் கஷாயம் எழுதிய ஜோங்ஜிங்கின் பெயரில் வழங்கும் நூலிலேயே. வெயில் தாக்கி உயிர்போனவர் போலக் கிடப்பவருக்குக் குளிர்ச்சி படக் கூடாது, பட்டால் செத்துவிடுவார் என்கிறது அது. அதற்குப் பதில், புல்லைத் திரித்துத் தொப்புளைச் சுற்றி வளையமாக வைத்து, இரண்டு மூன்று பேர் அதில் சிறுநீர் கழித்து வயிற்றைச் சூடாக்கச் சொல்கிறது. சூடான மண்ணையும் வைக்கலாமாம். நடு வழியில் வெந்நீர் கிடைக்காத நிலைக்கு இது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. எனக்குத் தோன்றும் காரணம் இது: ரத்த அழுத்தம் விழும்போது கை கால் சில்லிட்டுப்போகும், தொட்டுப் பார்த்தவர் குளிர் என்று நினைத்திருப்பார். உள்ளே 41 டிகிரி இருப்பதைக் காட்ட அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை. அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் இன்றைக்கும் அதைப் பின்பற்றினால் ஆள் போய்விடுவார். ஐஸ் தண்ணீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய் சுருங்கி வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று நவீன மருத்துவர்களும் கொஞ்ச காலம் பயந்தார்கள். அளந்து பார்த்தபோது, எல்லா வழியிலும் வேகமாகக் குளிர்விப்பது ஐஸ் தண்ணீரில் இறக்குவதுதான் என்று தெரிந்தது.

1743-ல் பெய்ஜிங்கை ஒரு கொடிய வெயில் பிடித்தது. ஜூலை 14-இலிருந்து 25-க்குள் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 11,000 பேருக்கு மேல் இறந்ததாக, அங்கே இருந்த பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. சியான்லோங் பேரரசர் தன் சொந்தக் கருவூலத்திலிருந்து 10,000 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நகர வாசல்களில் எட்டுக்குத் தலா ஆயிரம், கூட்டம் அதிகமான தெற்கு வாசல் ஜெங்யாங்மெனுக்கு மட்டும் இரண்டாயிரம். எதற்கு? ஐஸ் தண்ணீரும் மருந்தும் தயாராக வைக்க. விழுந்தவரைக் குளிர்விக்க இல்லை, விழாமலிருக்கக் குடிக்கத்தான். ஆனாலும் வாசலில் ஐஸ் வைத்த அந்த உத்தரவு, பல சூத்திரங்களைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

நினைவு தப்பிய நிலைக்கும் சீன மருத்துவத்தில் மருந்து உண்டு, 'ஆன்கோங் நியூஹுவாங்' உருண்டை. மாட்டுப் பித்தக் கல், எருமைக் கொம்பு, கஸ்தூரி, கூடவே பாதரசம் உள்ள இங்குலிகமும் ஆர்சனிக் உள்ள மனோசிலையும். வூ ஜுதோங் 1798-ல் எழுதி முடித்த காய்ச்சல் நூலில் இருப்பது. விலை எக்கச்சக்கம், வீட்டில் பொக்கிஷம் போல வைத்திருப்பார்கள். மயங்கியவருக்கு வீட்டில் கரைத்துக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். வாங்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

சீன மருத்துவத்தை நான் மனதாரப் பாராட்டுவது விழுவதற்கு முன்னாலும், எழுந்த பின்னாலும் அது செய்கிற வேலைக்காக. 19-ஆம் நூற்றாண்டில் தொற்றும் போரும் கண்ட வாங் மெங்யிங் என்ற வைத்தியர், கோடையில் வற்றிப்போனவரைத் தேற்ற ஒரு கஷாயம் அமைத்தார். அதில் நாம் குப்பையில் போடும் தர்பூசணியின் பச்சைத் தோல் ஒரு சரக்கு, தாமரைத் தண்டு ஒன்று, அரிசி ஒன்று. தர்பூசணிக்கே 'இயற்கை தந்த வெள்ளைப் புலிக் கஷாயம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாரக்கணக்கில் அசதியும் படபடப்பும் மிச்சமிருப்பவருக்கு ஜின்செங் சேர்ந்த 'ஷெங் மாய்' கஷாயம் கொடுப்பார்கள். 'நாடியைப் பிறப்பிப்பது' என்று பொருள். பதிவு பெற்ற வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் சரி.

தினசரிக்கு இருக்கிறது பாசிப்பயறு. வீட்டுக்கார அம்மா அதைக் குழைய விடமாட்டார். தண்ணீர் கொதித்ததும் பயறைப் போட்டுப் பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து, வெளிர்பச்சைத் தண்ணீரை மட்டும் வடித்து வைப்பார். வெப்பத்தை இறக்குவது தோல், உள்ளிருக்கும் பருப்பு இல்லை என்பது அவர் கட்சி. வைத்திருந்தால் அது செந்நிறமாகும், காற்றுபட்டுத் தோலின் சத்து மாறுவதால், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் இதில் உப்பு கிடையாது, சர்க்கரைதான் போடுவார்கள். அந்த ஒரு குறையைத் தம்பி தெரிந்துவைத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தால் உப்பும் போகிறது. ஷாங்காய் தொழிற்சாலைகள் இதை அறிந்துதான் உலைக்களத் தொழிலாளர்களுக்கு 'யென் சிஷுவெய்' என்ற உப்புச் சோடாவை வழங்கின. கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. கிடைக்காவிட்டால் ஓஆர்எஸ் போதும்.

வெயில் நேரத்தில் வேலையை நிறுத்துவதும் ஒரு வைத்தியம்தான். 2012-இல் வந்த சீன விதிப்படி, அன்றைய உச்ச வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் திறந்தவெளி வேலை அன்றைக்கு இல்லை. 37-ஐத் தொட்டால் மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, உச்சி வெயிலின் மூன்று மணி நேரம் வெளியே நிற்கக் கூடாது. பணியிடத்தில் வரும் ஜோங்ஷு அங்கே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சோங்சிங்கின் பெய்பெய் பகுதியில் 45 டிகிரி பதிவானது. அந்தக் கோடையில் போர்க்காலப் பதுங்கு சுரங்கங்களைத் திறந்துவிட்டு மக்களை உள்ளே உட்காரவைத்தார்கள்.

தம்பியிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மாலை ஆறுக்கு மேல் விளையாடட்டும். புதிதாக ஊருக்குப் போனால் முதல் இரண்டு வாரம் பாதி நேரம் மட்டும் ஆடட்டும், உடம்பு பழக அவ்வளவு நாள் வேண்டும். காய்ச்சல், பேதி இருக்கும் அன்று மைதானத்துக்கே போக வேண்டாம்.

அந்தப் பத்து பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், நண்பன் பாசத்தோடு கொடுத்தது. ஏசிக் குளிரில் வயிறு கலங்கிய அன்றைக்கு ஒன்று எடுக்கலாம். வெயிலிலிருந்து வந்த உடம்போடு வேண்டாம். எடுத்த பிறகு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, போலீஸ் ஊதச் சொன்னால் காட்டும். முக்கியமாக, செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதும் நிறுத்திய ஒரு வாரத்துக்கும் அதைத் தொடவே கூடாது, அந்த வகையில் சிலவற்றோடு ஆல்கஹால் சேர்ந்தால் முகம் சிவந்து மூச்சு முட்டி ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதே மருந்து ஆல்கஹால் இல்லாமல் கேப்சூலாகவும், 'கோஃபூயே' என்ற வாய்வழித் திரவமாகவும் வருகிறது. டப்பாவின் மேல் கடைசி எழுத்து 'ஷுவெய்' என்று இருந்தால் ஆல்கஹால் உண்டு. தம்பிக்குச் சீன எழுத்து தெரியும், பார்த்துக்கொள்வான்.